வெளுத்த வெற்றிலை

இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவில் வைத்து, ஓரங்களைக் கறுப்பு நாடாவால் ஒட்டிய ஒரு வெற்றிலை என்னிடம் இருக்கிறது. இன்றைக்கு யார் பார்த்தாலும் அது ஒரு சருகு. தூசி தட்டி வைக்கக்கூட லாயக்கில்லாதது என்றுதான் நினைப்பார்கள். ஆனால் அறுபதுகளில் ஒரு சித்திரை மாதம், செம்பூர் திலக் நகர் வீட்டின் கேலரியில் நான் அதைக் கிள்ளி எடுத்தபோது அதன் கோலமே வேறு. பால்கனியைப் பம்பாய்க்காரர்கள் நாங்கள் கேலரி என்றுதான் சொல்வோம். இலை முழுக்கச் சுண்ணாம்பு பூசினாற்போல் வெளுத்திருந்தது. நடுவில் மட்டும் இன்னொரு சின்ன வெற்றிலையின் உருவம், தோள் வளைவும் நுனிக் கூர்மையும் பிசகாமல், கரும்பச்சையில் பதிந்திருந்தது. பேய் பிசாசுக்குப் பயப்படுகிறவள் இல்லை நான். மாட்டுங்காவில் ஒரு கல்லூரியில் தாவரவியல் முதுகலை படித்துக்கொண்டிருந்த, கொஞ்சம் திமிர் பிடித்த பெண். அப்படியும் பயந்துவிட்டேன். அந்த இலையை நினைத்தால் இப்போதும் எனக்கு முதலில் ஞாபகம் வருவது என் மதினிதான்.

அதற்கு முன்னால் நாங்கள் தாராவியில் இருந்தோம். ஒற்றை அறை, அதைக் கோலி என்போம். சந்தில் எதிரெதிரே இரண்டு பேர் வந்தால் ஒருவர் யார் வீட்டுப் படியிலாவது ஏறி ஒதுங்க வேண்டும். இரண்டு பக்கமும் தகரக் கூரைகள் நெற்றியோடு நெற்றி முட்டிக்கொண்டு நிற்க, இடையில் ஒரு சாண் வானம். அந்த வெளிச்சத்தில் அம்மா ஒரு வெற்றிலைக் கொடி வளர்த்தாள். அது ஊரிலிருந்து வந்ததொன்றும் இல்லை. தெருமுனை வெற்றிலைக் கடை பாய்க்கு வசாய்த் தோட்டங்களிலிருந்து வரும் ஈரக் கூடையில் ஒட்டிக்கொண்டு வந்த ஒரு கணு. அம்மா அதை டால்டா டின்னில் நட்டு, கோலியின் சுவரில் கயிறு கட்டி ஏற்றிவிட்டாள். அது படர்ந்த படர்த்தி சந்துக்கே ஆச்சரியம். இலை ஒவ்வொன்றும் உள்ளங்கையைவிடப் பெரிசு, கறுப்போ என்று சந்தேகப்படும் பச்சை.

அப்பா தோல் பட்டறையில் வேலை பார்த்தார். ஒரு மழைக்காலத்தில் நெஞ்சுச் சளி முற்றி, சயான் ஆஸ்பத்திரியில் கிடந்தார். வீட்டில் எல்லோரும் அவரைக் கைவிட்டிருந்த சமயம் கொடியில் ஒரு புதுத் துளிர் வந்தது. அப்பா எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தார். இரண்டையும் அம்மா முடிச்சுப் போட்டுவிட்டாள். கொடி நன்றாக இருக்கிற வரைக்கும் அவருக்கு ஒன்றும் வராது. அதற்கு ஒன்று ஆனால் அவருக்கும் ஆகும். இதை அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை. தினமும் காலையில் அப்பா முகத்தைப் பார்ப்பதற்கு முன் கொடியைப் பார்ப்பாள், அவ்வளவுதான்.

மதினி கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்தவள். பேச்சு குறைவு, கவனிப்பு அதிகம். குழாயடியில் நின்று கேட்டுக் கேட்டே எங்களுக்கு முன்னால் மராத்தி பேசக் கற்றுக்கொண்டாள். சிரித்தால் கை தானாக வாய்க்குப் போய்விடும். கல்லூரியிலிருந்து நான் அசிட்டோன் நாற்றத்தோடு திரும்பும்போது, பெயிண்ட் கடைக்காரனுக்கு வாக்கப்பட்டவள் மாதிரி மணக்கிறேன் என்பாள். நாள் முழுக்க இலையை இடித்துச் சாறு எடுப்பதுதான் என் படிப்பு என்று தெரிந்ததும், அதற்கு எதற்குக் காலேஜ், அம்மியில் அரைத்துத் தருகிறேனே என்றாள். வந்த வருஷமே அவளுக்கு வயிற்றில் ஒன்று வந்தது. அம்மா சந்து முழுக்கச் சர்க்கரை கொடுத்தாள். அது தங்கவில்லை. கொடுத்த சர்க்கரையை வாங்கித் தின்ற வாய்களே, இவள் ராசி அப்படி என்று முணுமுணுத்தன. மதினி குழாயடிக்குப் போய்த் தண்ணீர் பிடித்து வந்தாள்.

பிறகு அண்ணனுக்குச் செம்பூரில் ஒரு தொழிற்சாலையில் நல்ல வேலை கிடைத்து, திலக் நகரில் வீடு கிடைத்தது. சாமான்கள் கைவண்டியில் போயின. கொடியை மட்டும் அம்மா வண்டியில் ஏற்ற விடவில்லை. வீட்டுக்கு வந்த மருமகள் கையால்தான் அது புது வீட்டுக்குள் போக வேண்டும் என்று சொல்லி, டின்னை மதினி மடியில் வைத்து பஸ்ஸில் கூட்டிப் போனாள். செடிக்கும் டிக்கெட் எடுங்கள் என்று கண்டக்டர் கேலி செய்தான். வலது காலை எடுத்து வைத்து, கொடியோடு மதினிதான் முதலில் உள்ளே போனாள்.

அந்த வீட்டில் என்ன இருந்தது என்று கேட்டால், வெயில் இருந்தது என்பேன். சமையலறை ஜன்னலில் காலை வெயில். கேலரியில் மதியத்திலிருந்து பொழுது சாயும் வரை வெயில். எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. அப்பா சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அம்மா கிடைத்ததையெல்லாம் காயப் போட்டாள். மிளகாய், தலையணை, பழைய செருப்பு. கொடியை விடுவாளா? இத்தனை வருஷம் இருட்டில் கிடந்த பிள்ளைக்கு இனியாவது வயிறு நிறையட்டும் என்று, காலையில் ஜன்னலோரம் வைப்பாள், மதியம் கேலரிக்குத் தூக்குவாள். ஒரு துளி வெயில் வீணாகக் கூடாது. வெளிச்சத்துக்கு ஏங்கி வாழ்ந்தவர்கள்தான் இப்படிச் செய்வார்கள். பங்களாவில் பிறந்த எவளுக்கும் இது தோன்றியிருக்காது. நானோ காலையில் கல்லூரிக்குப் போனால் விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் வீடு திரும்புவேன்.

சில நாள் கழித்து ஒரு விடிகாலை அம்மாவின் ஓலம் கேட்டு எழுந்து ஓடினேன். கொடியைப் பார்த்தேன். வாடினால் தெரியும், அழுகினால் தெரியும், பூச்சி அரித்தால் தெரியும். இது எதுவுமில்லை. இலைகள் இலைகளாகவே தொங்கின, நிறம்தான் போய்விட்டிருந்தது. சில காகிதம் போல, சில எலும்பு போல. முந்தின வாரம் கறுப்பாக இருந்த கொடியா இது என்று நம்ப முடியவில்லை. உள்ளே அப்பா இருமும் சத்தம் கேட்டது. அம்மா அந்தத் திசையைப் பார்த்தாள், திரும்பக் கொடியைப் பார்த்தாள். அவள் முகத்தில் இருந்தது பயம். அந்தப் பயத்துக்கு யாராவது ஒரு ஆள் வேண்டியிருந்தது.

"தீட்டோட தொட்டிருக்கா," என்றாள். "இல்லன்னா ரெத்தம் வத்துன மேனிக்கு இப்படி வெளுக்குமா?"

தூரமான, அதாவது மாதவிலக்கான பெண் வெற்றிலைக் கொடியைத் தொட்டால் கருகிவிடும் என்பது எங்கள் பக்கத்தில் கேள்வி கேட்காமல் நம்பப்பட்ட விஷயம். அதை மறைத்துக்கொண்டு அவள் கொடியைச் சுமந்து வந்திருக்கிறாள், புது வீட்டுக்குள் முதலடி வைத்திருக்கிறாள் என்று அம்மா அடுக்கிக்கொண்டே போனாள். மதினி கேலரிக் கதவில் சாய்ந்து நின்றிருந்தாள். முகத்தில் ஒரு சொட்டு நிறமில்லை. நான் சுத்தமாகத்தான் இருந்தேன் அத்தை என்று ஒரே ஒரு முறை சொன்னாள். அப்படியானால் கொடி பொய் சொல்கிறதா என்று அம்மா கேட்டதற்குப் பிறகு அவள் பேசவே இல்லை. அழவும் இல்லை. அதுதான் என்னை உலுக்கியது. அண்ணன் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றான். அப்பா விடு என்று சொல்லிப் பார்த்தார், இருமல் அவரைப் பேச விடவில்லை.

சாயங்காலத்துக்குள் முடிவாகிவிட்டது. மதினியைக் கொஞ்ச நாள் ஊரில் கொண்டுபோய் விட வேண்டும். அந்தக் கொஞ்ச நாள் என்றால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். தாராவியில் எங்கள் சந்திலிருந்தே அப்படிப் போன ஒருத்தியை அழைத்துவர யாரும் போகவில்லை. அண்ணனை ரயிலுக்கு ஏற்பாடு பண்ணச் சொன்னாள் அம்மா. அதுவரைக்கும் மதினிக்குக் கேலரி மூலையில் தனிப் பாய், தனித் தட்டு, தனி டம்ளர். செத்துப்போன கொடிக்குப் பக்கத்தில், அந்தப் பாழாய்ப் போன வெயிலிலேயே அவள் உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் வெளுத்த இலைகள் சிலவற்றையும், டின்னுக்குப் பின்னால் சுவரோரம் தப்பியிருந்த ஒரு பச்சை இலையையும் கைக்குட்டையில் சுற்றிக் கல்லூரிக்குக் கொண்டு போனேன். எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஜன்னலை அடைத்த ஓர் இருட்டறை உண்டு. அதில் புற ஊதா விளக்கு இருக்கும். இலையைச் சாறெடுத்து அந்த விளக்கின் முன் பிடித்தால் பச்சைச் சாறு ரத்தச் சிவப்பாக ஒளிரும். முதல் தடவை பார்த்தபோது நான் கத்தியே விட்டேன். அதில் மாயம் ஒன்றுமில்லை. இலைக்குள் வந்து விழும் வெளிச்சத்தைப் பச்சையம் பிடிக்கிறது. பிடித்ததற்கு மூன்றே வழிதான். ஒன்று, மாவும் சர்க்கரையும் சமைக்கிற வேலைக்குப் போக வேண்டும். அல்லது சூடாக வெளியேற வேண்டும். இரண்டும் இல்லாவிட்டால் சிவப்பு வெளிச்சமாகத் திரும்பி வர வேண்டும். சாற்றில் சமையல் நடப்பதில்லை, அதனால் சிவப்பு கொட்டுகிறது. அன்றைக்குச் சுவரோர இலையின் சாறு அப்படித்தான் எரிந்தது. வெளுத்த இலையின் சாற்றைப் பிடித்தேன். ஒன்றுமில்லை. சோதனைக் குழாயில் தண்ணீரை வைத்திருப்பது போல இருட்டாக இருந்தது.

சாற்றைக் காகிதத்தில் சொட்டுவிட்டு நிறங்களைப் பிரித்தும் பார்த்தேன். நல்ல இலையின் சாறு காகிதத்தில் ஏறும்போது கீழே இரண்டு பச்சைப் பட்டை, அதற்கு மேலே மஞ்சள் பட்டைகள், உச்சியில் ஆரஞ்சு என்று பிரியும். சுவரோர இலையில் பச்சைப் பட்டைகள் தடித்துக் கிடந்தன, மஞ்சள் ஏதோ பேருக்கு இருந்தது. கல்லூரித் தோட்டத்தில் வெயிலிலேயே வளர்ந்த இலை ஒன்றைப் பிரித்து அதன் பக்கத்தில் வைத்தேன். அதில் பச்சை மட்டு, மஞ்சள் தாராளம். வெளுத்த இலையில் பச்சையும் இல்லை, மஞ்சளும் இல்லை. மஞ்சள் நிறமிகள் பச்சையத்தை வெயிலிலிருந்து காக்கின்றன என்பது அப்போதே தெரிந்த விஷயம். எப்படிக் காக்கின்றன என்பதில்தான் சண்டை. எனக்கு அந்தச் சண்டை தேவைப்படவில்லை. தாராவிக் குழாயில் தண்ணீர் சொட்டும்போது வீட்டிலுள்ள குடம், குண்டான், டம்ளர் எல்லாவற்றையும் வரிசை வைப்போம். எங்கள் கொடியும் அதைத்தான் செய்திருந்தது. சந்தில் சொட்டிய வெளிச்சத்தைப் பிடிக்க இலை நிறையப் பச்சையப் பாத்திரங்களைப் பரப்பி வைத்திருந்தது. மிஞ்சியது வழிந்து போக மோரி என்கிற கழுவுமிடத்தின் ஓட்டை மட்டும் சின்னதாக வைத்துக்கொண்டது; மிஞ்சுகிற பேச்சே அங்கே இல்லையே. அதைக் கொண்டுபோய்க் கொட்டுகிற குழாயின் கீழ் நிறுத்திவிட்டோம்.

இது எனக்குப் புரிந்து என்ன, அம்மாவிடம் காகிதப் பட்டையைக் காட்டினால் அடுப்பில் போடுவாள். அந்த யோசனையோடு வீட்டுக்கு வந்து கேலரிக்குப் போனேன். மதினி பாயில் உட்கார்ந்திருந்தாள். கொடியில் ஒரு பெரிய இலையின் மேல் ஒட்டினாற்போல் ஒரு சின்ன இலை படிந்திருந்தது, இரண்டும் வெளுத்தவை. சும்மா மேல் இலையைத் தூக்கினேன். கீழே அந்தப் பச்சை உருவம் இருந்தது.

முதலில் பயந்தேன் என்று சொன்னேனே, அது போன அடுத்த நொடியில் எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. மேல் இலை எங்கே நிழல் கொடுத்ததோ அங்கே மட்டும் கீழ் இலை உயிரோடு இருந்தது. இதைவிட என்ன சாட்சி வேண்டும்? கிள்ளி எடுத்துக்கொண்டு அம்மாவிடம் ஓடினேன்.

"தீட்டுன்னா கொடி முழுக்கப் பிடிக்கணும். மேல ஒரு இலை மூடுன இடத்தை மட்டும் அது எப்படிம்மா விட்டுது?"

அம்மா இலையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மேல் இலையை அதன் மேல் வைத்தாள். வடிவம் அச்சாகப் பொருந்தியது. எடுத்தாள், திரும்ப வைத்தாள். வெயில் எப்படி ஒரு செடியைக் கொல்லும், வெயில்தானே அதற்குச் சோறு என்றாள். சோறுதான், பட்டினி கிடந்த வயிற்றில் ஒரே நாளில் திணித்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். ஜெயித்துவிட்ட தோரணையில்தான் கேட்டேன். அம்மாவின் முகம் மாறியதைப் பார்த்ததும் அந்தத் தோரணை என்னைவிட்டு ஓடிப்போயிற்று. காலையில் ஜன்னலுக்கும் மதியம் கேலரிக்குமாக அந்த டின்னைத் தூக்கிய கைகளையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப நானாட்டி அதைக் கொன்னேன்?"

அவள் எழுந்து போய் ஒரு கோணிச் சாக்கை எடுத்து வந்து கேலரிக் கம்பியில் கட்டினாள். மதினியின் பாயைச் சுருட்டினாள். தட்டையும் டம்ளரையும் கழுவி மற்ற பாத்திரங்களோடு சேர்த்துக் கவிழ்த்தாள். மன்னிப்பு என்ற வார்த்தை எங்கள் வீட்டில் புழக்கத்தில் இல்லை. இரவுச் சாப்பாட்டுக்கு மதினிக்கு முதலில் பரிமாறினாள். ரயில் பேச்சு அதோடு நின்றது.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் கெட்டிக்காரி என்று பெருமையடித்துக்கொண்டு காலம் கழித்திருப்பேன். மறுநாள் காலை மோரியில் நானும் மதினியும் துணி அலசிக்கொண்டிருந்தோம். ஒரு இலை உன்னைக் காப்பாற்றியது பார்த்தாயா என்று சீண்டினேன். அவள் வழக்கம்போல் வாயைப் பொத்திச் சிரிக்கவில்லை. அம்மா எங்கே இருக்கிறாள் என்று எட்டிப் பார்த்துவிட்டு, தண்ணீர்க் குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டு, மெல்லச் சொன்னாள்.

"நான் தூரமாயி மூணு மாசமாச்சு."

அலசிய துணி என் கையிலிருந்து நழுவிற்று. மூன்று மாதம். அப்படியென்றால் கொடியைத் தொட்டபோது இல்லவே இல்லாத தீட்டுக்காக அவள் அந்த வெயிலில் உட்கார்ந்திருக்கிறாள். ஊருக்கு அனுப்புகிறோம் என்றபோதும் உட்கார்ந்திருக்கிறாள். ஒரு வார்த்தை போதும். அம்மா அவளைத் தலையில் தூக்கி வைத்திருப்பாள். என் இலை, என் இருட்டறை, என் காகிதப் பட்டை எதுவுமே தேவைப்பட்டிருக்காது. ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்பதற்குள் அவளே சொன்னாள்.

"சொல்லியிருந்தா, கொடி கருகுன பழி வயித்துல இருக்கதுமேல விழுந்திருக்கும். வந்த நேரம் சரியில்லம்பாக. எம்மேலயே இருந்துட்டுப் போகட்டும்னு இருந்துட்டேன்."

சொல்லிவிட்டு நழுவிய துணியை எடுத்துப் பிழிந்து வாளியில் போட்டாள். என்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவள். ரயிலேறிப் போய்விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவள் யோசிக்காமலா இருந்திருப்பாள்? யோசித்துத்தான் உட்கார்ந்திருந்தாள். அந்த அதிர்ச்சி முழுசாக இறங்கியதென்று இன்றுவரை சொல்ல மாட்டேன்.

மழை பிடித்ததும் கோணி நிழலில் கொடியின் அடிக்கணு துளிர்த்தது. அந்த வருஷம் தீபாவளிக்கு முந்தி மதினிக்குப் பெண் பிறந்தது. பேத்தி வந்த நேரம் கொடி தழைத்துவிட்டது என்று அம்மா கட்டடம் முழுக்கச் சொல்லிச் சர்க்கரை கொடுத்தாள். நான் மதினியைப் பார்த்தேன். அவள் கை வாய்க்குப் போயிருந்தது. அப்பா அதற்குப் பிறகும் பல வருஷம் இருமிக்கொண்டே இருந்தார்.

நான் படித்து முடித்து, கல்லூரியில் பாடம் சொல்லிக் கொடுத்து, தலை நரைத்த காலத்தில்தான் அந்த மஞ்சள் நிறமிகளின் வேலை தெளிவாக எழுதப்பட்டது. வெயில் மிஞ்சும்போது ஒரு மஞ்சள் நிறமி இலைக்குள்ளேயே உருமாறுகிறது. பச்சையம் பிடித்து வைத்துத் தவிக்கிற அதிகப்படியை வெறும் சூடாகக் கரைத்து வெளியே விட உதவுகிறது. வெளியில் பார்த்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். இலை பச்சையாகவே இருக்கும். அந்தக் கட்டுரையை நூலகத்தில் வாசித்துக்கொண்டிருந்தவள், மதினி ஞாபகம் வந்து, எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

போன மாதம் மதினியைப் பார்க்கப் போயிருந்தேன். எண்பது தாண்டிவிட்டது. மகள் வீட்டில் இருக்கிறாள். கேலரியில் பச்சை வலை கட்டி, அதன் நிழலில் அதே கொடியின் கிளை படர்ந்திருக்கிறது. என் வீட்டை ஒழிக்கிறேன் என்று நான் கொண்டுபோன பெட்டியிலிருந்து அந்தக் கண்ணாடித் தகட்டை மருமகள் எடுத்தாள். அன்று மதினி வயிற்றில் இருந்தவள். அவளுக்கே இப்போது தலை நரைத்துவிட்டது. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். பச்சையும் வெள்ளையும் எப்போதோ ஒரே பழுப்பாகிவிட்டன. அந்த உருவம் எங்கே இருந்தது என்று எனக்கு மட்டும்தான் காட்டத் தெரியும்.

"அத்தை, இது என்ன கச்சராவா? தூக்கிப் போட்டுரவா?" என்றாள்.

வாயைத் திறக்கப் போனேன். ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, அம்மாவும் இல்லை, அண்ணனும் இல்லை, இனி யாருக்கு என்ன பயம் என்றுதான் நினைத்தேன். கட்டிலில் சாய்ந்திருந்த மதினி என்னை ஒரு பார்வை பார்த்தாள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இவள் இதை மகளிடம் இன்னும் சொல்லவே இல்லை. பிறந்த நேரத்தைப் பற்றி ஒரு நிழல்கூட அவள் மேல் படாமல், இத்தனை காலமும் தன்னிடமே வைத்திருக்கிறாள்.

நான் இதைத் தமிழில் எழுதுகிற தைரியமே, மருமகளுக்குத் தமிழ் படிக்க வராது என்பதுதான்.

"அது ஒண்ணுமில்லட்டி," என்றாள் மதினி. "வெயில்ல காஞ்ச பழைய வெத்தலை. அத்தைகிட்ட குடு."

மகள் தகட்டை என்னிடம் கொடுத்துவிட்டுக் கொடிக்குத் தண்ணீர் ஊற்றப் போனாள்.